நான்கடிப் பலகையில் ஓர் இருப்புப்பாதை

மாதிரி ரயில்பாதை அமைக்க முற்படுவோனுக்கு முதல் இடையூறு பணம் என்று பலரும் எண்ணுவர். என் அனுபவத்தில் அது பணமன்று, இடம். கணக்கில் விருப்பமுள்ள மாணவர்கள் ஒரு சிறு வகுத்தலைச் செய்து பார்க்கலாம். இங்கிலாந்தில் பெரிதும் வழங்கும் மாதிரியின் அளவு, மெய்யான வண்டியில் 76-இல் ஒரு பங்கு. அந்த அளவுக்கு ஒரு மைல் தூரத்தைச் சுருக்கினால் ஏறத்தாழ 70 அடி வருகிறது. 12 பெட்டிகள் கொண்ட வண்டி நிற்பதற்கு மட்டுமே 10 அடிக்குமேல் வேண்டும். அடுத்த ஊர் ஐந்து மைலுக்கு அப்பால் இருக்குமானால், 350 அடி நீளமுள்ள வீட்டைக் கட்டிக்கொண்டுதான் இந்தப் பொழுதுபோக்கில் இறங்க வேண்டும்! அத்தகைய வீடு எவரிடம் இருக்கிறது? இல்லாமையால் என்ன விளைந்தது என்பதே நான் சொல்ல வந்த வரலாறு.

ஜெர்மனியில் கோப்பிங்கன் என்னும் ஊரில் 1859-ஆம் ஆண்டு தோன்றியது மார்க்ளின் நிறுவனம். பொம்மை வீடுகளுக்குரிய தகரச் சாமான்களைச் செய்வதே அதன் முதல் தொழில். 1891-இல் லைப்சிக் நகரத்துச் சந்தையில் அந்நிறுவனத்தார் கடிகாரம்போல் சாவி கொடுத்து ஓட்டும் ரயில் ஒன்றைக் காட்சிக்கு வைத்தனர். பொம்மை ரயில்கள் முன்னரும் உண்டு. இவர்கள் செய்த புதுமை, தண்டவாள அகலங்களை வரையறுத்து அவற்றுக்கு எண் கொடுத்ததாகும். ஆண்டுதோறும் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்துப் பாதையை நீட்டிக்கொள்ளலாம் என்றாயிற்று. ஆனால் நீட்டுவதற்கு மாளிகை வேண்டும். 1-ஆம் எண்ணுக்குரிய அகலம் 45 மில்லிமீட்டர். அந்த அளவில் ஒரே ஒரு பயணிப் பெட்டி இரண்டடி நீளம் இருக்கும்.

ஒன்றைக் காட்டிலும் சிறிதாகச் செய்தபோது அதற்குப் பூஜ்யம் என்று பெயரிட்டார்கள். அதனினும் சிறிதாக்கியபோது எண் கீழே போக வழியில்லை. இரட்டைப் பூஜ்யம் என்றார்கள்! 1922-இல் நியூரம்பெர்க் நகரத்துப் பிங் நிறுவனம், நார்த்தாம்டனைச் சேர்ந்த பாசெட்-லோக் என்பவருக்காக ‘மேஜை ரயில்’ ஒன்றைச் செய்து தந்தது. உணவு மேஜையின்மேல் விரித்து, சாப்பாட்டு வேளையில் எடுத்து வைத்துவிடலாம். சாதாரண இல்லத்துக்குள் ரயில் நுழைந்தது இவ்வாறுதான். 1935-இல் ட்ரிக்ஸ் நிறுவனமும் மார்க்ளினும் இதே சிற்றளவில் மின்சார வண்டிகளை வெளியிட்டன. ட்ரிக்ஸை நடத்திய ஸ்டெபான் பிங் யூதர். நாஜி ஆட்சியில், 1938-இல், அவர் தம் நிறுவனத்தைக் கைவிட்டு இங்கிலாந்துக்குச் செல்ல நேர்ந்தது. விளையாட்டுச் சாமானின் வரலாற்றிலும் அக்காலத்தின் இருள் படிந்திருக்கிறது.

அதே 1938-இல் இங்கிலாந்தில் ‘ஹார்ன்பி டப்ளோ’ வெளிவந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐரோப்பியர் கொண்ட அளவு 87-இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். ஆங்கில எஞ்சின்களோ மெய்யாகவே சற்றுச் சிறியவை. அந்த அளவில் செய்தால் அன்றைய மோட்டார் அவற்றின் வயிற்றில் அடங்கவில்லை. ஆதலால் எஞ்சினை மட்டும் 76-இல் ஒரு பங்காகப் பெரிதாக்கி, தண்டவாளத்தை இருந்தபடியே விட்டுவிட்டனர். இன்றும் ஆங்கில மாதிரி வண்டிகள் இரண்டு மில்லிமீட்டருக்குமேல் குறுகிய பாதையில்தான் ஓடுகின்றன. மோட்டார் பின்னர்ச் சிறுத்துவிட்டது, வழக்கம் மாறவில்லை.

அளவு மேலும் குறைந்துகொண்டே போயிற்று. 1960-களில் 9 மில்லிமீட்டர்ப் பாதை பரவியது; 1972-இல் மார்க்ளின் 6.5 மில்லிமீட்டருக்கு இறங்கியது. அது 220-இல் ஒரு பங்கு. அதிலும் ஒரு மைலுக்கு 24 அடி வேண்டும் என்பதைக் கவனியுங்கள். சுருக்கிக்கொண்டே போவதால் மட்டும் தூரம் அறைக்குள் அடங்குவதில்லை.

வேறொரு வழியைக் கண்டவர்களையே நான் பெரிதும் மதிக்கிறேன். ‘ரயில்வே மாடலர்’ என்னும் ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியராயிருந்த சிரில் ஃப்ரீசர், 1957-இல் ‘மினோரீஸ்’ என்ற வரைபடத்தை வெளியிட்டார். அதில் நாடு இல்லை, மலை இல்லை, அடுத்த ஊரும் இல்லை. நகரத்தின் இறுதி நிலையம் ஒன்றுதான். வண்டி வரும்; பெட்டிகளைக் கழற்றி வேறு எஞ்சினைப் பூட்டுவார்கள்; மீண்டும் புறப்பட்டு ஒரு மறைப்புக்குப் பின்னால் போய்விடும். மறைப்புக்கு அப்பால் இருப்பது வெறும் தண்டவாளங்களும் நம் கையுமே. நாடக மேடையில் அரண்மனைக்குள் போகிறவன் உண்மையில் எங்கே போகிறான்? அதுபோலத்தான்.

ஆலன் ரைட் என்பவர் இன்னும் சுருக்கினார். நார்தம்பர்லாந்தில் கில்ஹாம் என்னும் சிற்றூரின் சைடிங்கைப் பார்த்து அவர் அமைத்த ‘இங்கிள்நுக்’ பாதையில் இரண்டே பாயிண்டுகள். மூன்று கிளைகளில் முறையே ஐந்து, மூன்று, மூன்று வாகன்கள் நிற்கலாம். எஞ்சின் முன்னும் பின்னும் செல்லும் பாதையில் எஞ்சினும் மூன்று வாகன்களும் மட்டுமே அடங்கும். மொத்தம் எட்டு வாகன்கள். அவற்றில் ஐந்தைச் சீட்டெடுத்து, வந்த வரிசைப்படியே வண்டியாகக் கோக்க வேண்டும். எத்தனை வரிசைகள் வரக்கூடும்? எட்டு, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு ஆகியவற்றைப் பெருக்குங்கள்: 6,720. நாளுக்கொன்று ஆடினாலும் பதினெட்டு ஆண்டுகள் ஆகும்.

நான் முதலில் செய்தது இதுவன்று. கட்டிலருகே நான்கடிக்கு மூன்றடிப் பலகை போட்டு அதில் வட்டப்பாதை அமைத்தேன். வண்டி எட்டு விநாடிகளில் ஒரு சுற்றை முடித்தது; எனக்கும் எட்டு நாட்களில் அலுத்துவிட்டது. வீட்டாருக்கு முதல் நாளே அலுத்திருந்தது. பிறகு அந்தப் பலகையை நீளவாக்கில் ஓரடி அகலத்துக்கு அறுத்து, ரைட்டின் முறைப்படி பாதை பதித்து, புத்தக அலமாரியின்மேல் வைத்தேன். இப்பொழுது மாலையில் ஒரு வண்டியைக் கோக்க எனக்கு அரைமணி நேரம் ஆகிறது. ஒரு வாகனை வெளியே எடுக்க, வேறு இரண்டை எங்கே ஒதுக்குவது என்று யோசிக்கும்போதுதான், சிறுவயதில் நிலையத்து யார்டில் கொடியும் கையுமாக நின்ற ஷண்டிங் தொழிலாளி என்ன யோசித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு விளங்கிற்று.

ஒருமுறை ஆசைப்பட்டு, எஞ்சின் செல்லும் பாதையை மூன்றரை அங்குலம் நீட்டி, நான்காவது வாகனுக்கும் இடம் செய்தேன். ஆட்டம் எளிதாகிவிட்டது, இரண்டு மாலைகளுக்குமேல் உட்கார மனம் வரவில்லை. மூன்றாம் நாள் அந்தத் துண்டைக் கழற்றினேன். இப்பொழுது அது, மேஜைமேலுள்ள காகிதங்கள் காற்றில் பறவாமல் காத்துக்கொண்டிருக்கிறது.