எழுத்துருவும் குறியாக்கமும்

நா. கோவிந்தசாமி தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றிய 1995ஆம் ஆண்டில், ஜொகூர் நீரிணையின் அக்கரையான சிங்கப்பூரை நாம் வியந்து நோக்கினோம். இக்கரையில் முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் 1980களிலேயே தோன்றிவிட்டது. எனினும் அக்காலக் கோப்புகளில் ஓர் இடர் இருந்தது. 256 இடங்களுக்குள் ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளைத் தன் போக்கில் அடுக்கியது; அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’வும் பொருளற்ற குறிகளாய்ச் சிதறினாள்.

1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு டாம், டாப் என இரு குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. விசைப்பலகை நிலைத்தது, குறியாக்கங்கள் ஒருங்குறிக்கு வழிவிட்டன.

ஒருங்குறியில் 1991 முதலே தமிழ் உண்டு. ஆனால் ‘கொ’ என்பதில் ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாகவே சேமிக்கப்படும். திரையிலோ அக்குறி ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்றல் வேண்டும். லினக்ஸில் இதனைப் பாங்கோ, ஹார்ஃப்பஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் செய்கின்றன. இன்று எழுத்துருக் கோப்பைப் பயனரின் எழுத்துருக் கோப்புறையில் இட்டு, முனையத்தில் ‘எஃப்சி-கேஷ்’ கட்டளையைத் தந்தால் போதும். லோகித் தமிழ் பல வழங்கல்களில் உடன் வருவதால், அதுவும் பெரும்பாலும் தேவைப்படாது.

ஆசிரியர்களின் பழைய வினாத்தாள்களுக்கு இது போதாது. பழைய எழுத்துருவை நிறுவினால் அவற்றைப் படிக்கலாம். தமிழ்ச்சொல் இட்டுத் தேட இயலாது. மாற்றியின் வழி ஒருங்குறியாக்கி, கொம்பும் காலும் இடம் பிறழ்ந்தனவா என வரிவரியாக ஒப்பிடல் வேண்டும். அதுவரை பழைய எழுத்துருவை அழித்துவிட வேண்டா.