ஐரோப்பாவின் அரிய நோய் மருத்துவத்தில் நோயாளர் பிரதிநிதிகள்: 1958 முதல் 2021 வரை

பத்தாயிரம் பேரில் ஐந்து பேருக்கு மேல் காணப்படாத நோயை ஐரோப்பிய ஒன்றியம் அரிய நோய் என்கிறது. அத்தகைய நோய்கள் 6,000க்கும் அதிகம். அவற்றுள் ஒன்றை ஒரு மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் ஒருமுறைகூடப் பார்க்காமல் ஓய்வுபெறக்கூடும். அந்நோயுள்ள குழந்தையின் தாய் அதை இரவும் பகலும் பார்க்கிறாள். ஐரோப்பிய மருத்துவக் குழுக்களில் நோயாளர்களுக்கு இடம் கிடைத்ததற்கு இரக்கம் காரணமன்று, இந்த அறிவே காரணம் என்பது என் துணிபு.

தொடக்கம் பிரான்ஸில். யோலேன் டி கெப்பேர் என்ற தாயின் பிள்ளைகளில் நால்வருக்கு டூஷேன் தசைச்சிதைவு நோய். 1958இல் அவர் மற்றப் பெற்றோருடன் சேர்ந்து ஒரு தசைநோய்ச் சங்கம் கண்டார். அச்சங்கம் 1987இல் 'டெலிதோன்' என்ற தொலைக்காட்சி நிதிதிரட்டலைத் தொடங்கியது. வந்த பணத்தைக் கொண்டு 1990இல் எவ்ரி நகரில் ழெனெதோன் என்னும் மரபணு ஆய்வகத்தையே நிறுவியது. எதை ஆராய்வது என்ற முடிவில் பெற்றோரின் கை ஓங்கியது அப்போதுதான்.

இன்னொரு மரபு எய்ட்ஸ் காலத்தில் பிறந்தது. 1983இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கூடிய எய்ட்ஸ் நோயாளர்கள், தங்களுக்குச் சேவை தரும் அமைப்புகளின் நிர்வாகக் குழுக்களில் தங்களுக்கு இடம் வேண்டும் என்று கேட்டனர். மறு ஆண்டு பிரெஞ்சு மெய்யியலாளர் மிஷேல் ஃபூக்கோ எய்ட்ஸால் இறந்தார். அவருடைய துணைவர் டானியல் டிஃபேர் பாரிஸில் 'எய்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 1989இல் மான்ட்ரியல் எய்ட்ஸ் மாநாட்டில் நோயாளரைச் சமூகச் சீர்திருத்தக்காரராக முன்னிறுத்திப் பேசியவரும் அவரே.

இவ்விரு மரபுகளும் 1997இல் ஒன்றுகலந்தன. அரிய நோயுள்ளோருக்கான 'யூரோர்டிஸ்' கூட்டமைப்பை நிறுவிய நான்கு அமைப்புகள்: தசைநோய்ச் சங்கம், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் சங்கம், புற்றுநோய்க் கழகம், 'எய்ட்'. அரிய நோய்க்கான கூட்டமைப்பில் எய்ட்ஸ் அமைப்புக்கு என்ன வேலை? ஆய்வாளர்கள் பெரும்பாலும் கடந்துபோய்விடும் இக்கேள்வியில்தான் வரலாற்றின் முடிச்சு இருக்கிறது. பெற்றோர் சங்கங்களிடம் பல்லாண்டுப் பொறுமையும் நிதி திரட்டும் வலிமையும் இருந்தன. மருந்துச் சோதனை எப்படி வடிவமைக்கப்படுகிறது, ஒப்புதல் தரும் அதிகாரிகளிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை எய்ட்ஸ் போராளிகள் உயிரைப் பணயம் வைத்துக் கற்றிருந்தனர். ஒன்றில்லாமல் மற்றொன்று இவ்வளவு தூரம் வந்திருக்காது.

பலன் விரைவில் கிடைத்தது. அரிய நோய் மருந்துகளுக்கென ஐரோப்பிய மருந்து முகமையில் 2000இல் அமைந்த குழுவில் நோயாளர் பிரதிநிதிகள் மூவருக்குச் சட்டமே இடம் ஒதுக்கியது. அவர்கள் பார்வையாளர்கள் அல்லர், வாக்குரிமை உடைய முழு உறுப்பினர்கள். யூரோர்டிஸின் யான் லெ காம் அக்குழுவின் துணைத் தலைவராகவே தேர்வானார்.

மருந்திலிருந்து சிகிச்சைக்கு வந்தபோது நிலைமை மாறியது. 2011ஆம் ஆண்டின் எல்லை கடந்த மருத்துவச் சேவை பற்றிய ஐரோப்பிய ஒன்றிய நெறியாணையின்படி, பல நாட்டு நிபுணர்களை இணைக்கும் 24 ஐரோப்பிய ஆதார வலையமைப்புகள் 2017இல் இயங்கத் தொடங்கின. 26 நாடுகளில் 300க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளின் 900க்கும் அதிகமான சிறப்புப் பிரிவுகள் அவற்றில் இணைந்தன. ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஒரு நோயாளர் பிரதிநிதிக் குழுவை யூரோர்டிஸ் முன்கூட்டியே உருவாக்கி வைத்திருந்தது. சிகிச்சை வழிகாட்டிகளை எழுதுவதிலும், குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான பிரிவுக்கு மாறும் இளையோரின் இடர்களை எடுத்துரைப்பதிலும் இத்தன்னார்வலர்கள் பங்கேற்கின்றனர். ஆயினும் சட்டப்படி வலையமைப்பின் ஆட்சிக்குழு என்பது உறுப்பு மருத்துவமனைகளின் பிரதிநிதிகளால் ஆனது. மருந்துக் குழுவில் சட்டம் தந்த இடம், இங்கே அந்தந்த வலையமைப்பின் நல்லெண்ணத்தைப் பொறுத்ததாயிற்று. இதைப் பின்னடைவு என்றே நான் கருதுகிறேன்.

பிரதிநிதித்துவத்தின் சுமையும் சிறிதன்று. ஒரே நோயை அறிந்த தாய், அவ்வலையமைப்புக்குள் வரும் நூற்றுக்கணக்கான நோய்களுக்காகப் பேச வேண்டும். அதுவும் வீட்டில் நோயுற்ற பிள்ளையைப் பார்த்துக்கொண்டே. இச்சுமைக்கு மேல் ஓர் இழப்பும் நேர்ந்தது: 2021 தொடக்கத்தில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு முழுதாக விலகியதும், அந்நாட்டு மருத்துவமனைகள் எல்லா வலையமைப்புகளிலிருந்தும் நீங்கின. அரிய நோய்க்கு ஒரு நாட்டின் நிபுணர்கள் போதமாட்டார்கள் என்பதற்காகவே கட்டப்பட்ட ஏற்பாட்டில், நிபுணர்களையும் நோயாளர்களையும் பிரித்த அம்முடிவு அரசியல் மட்டத்திலேயே எடுக்கப்பட்டது.