ஒரே காற்று, இருவேறு அணைகள்: டென்மார்க்கும் உருகுவேயும்

எரிபொருளை வெளியிலிருந்து வாங்கியே வாழ்ந்த இரண்டு சிறு நாடுகள், ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டு இடைவெளியில் ஒரே முடிவுக்கு வந்தன: காற்று. டென்மார்க்கை உலுக்கியது 1973 எண்ணெய் நெருக்கடி. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே அங்கே தடை வந்தது. உருகுவேயை உலுக்கியது வறட்சி. அணைகள் வற்றிய ஆண்டுகளில் அது எண்ணெய் வாங்கி எரித்தது, அண்டை நாடுகளிடம் மின்சாரம் கேட்டு நின்றது. ஒன்றுக்குக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த அடி, மற்றொன்றுக்கு வானத்திலிருந்து.

முடிவு ஒன்றானாலும் வந்த வழி நேரெதிர். நெருக்கடிக்குப் பின் டென்மார்க்கில் நவீனக் காற்றாலையை முன்னெடுத்தவர்கள் மின்வாரியப் பொறியாளர்கள் அல்லர். கிறிஸ்டியன் ரீசாகர் என்ற தச்சர், 1970களின் நடுவில், லாரிப் பாகங்களையும் கடையில் கிடைக்கும் மின்மோட்டாரையும் கொண்டு 22 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் செய்து மின்கட்டமைப்பில் இணைத்தார். ட்விண்ட் பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் ஐம்பது மீட்டருக்கு மேல் உயரமான காற்றாலையைத் தங்கள் கையாலேயே கட்டி 1978-இல் சுழல விட்டார்கள். இவர்களுக்குப் பின்னால்தான் அரசு வந்தது. ரிசோ என்ற இடத்தில் சோதனை நிலையம் அமைத்தது. 1979-இல் காற்றாலை முதலீட்டுக்கு 30 விழுக்காடு மானியம் அறிவித்தது.

உருகுவேயில் முதல் அடியை வைத்தது அரசு. 2008-இல் எரிசக்தித் துறையின் தேசிய இயக்குநரானவர் ரமோன் மெண்டெஸ், துகள் இயற்பியல் ஆய்வாளர். அவர் காலத்தில் உருவான கொள்கைக்கு 2010-இல் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சிகளும் சேர்ந்து ஒப்புதல் அளித்தன. அடுத்த தேர்தலில் யார் வென்றாலும் திட்டம் மாறாது என்ற நம்பிக்கை பிறந்தது. பிறகு அரசு மின்நிறுவனம் ஏலம் விட்டு, வென்றவர்களிடம் இருபது ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்க ஒப்பந்தம் போட்டது. டென்மார்க் அரசு பணத்தைக் கொடுத்தது. உருகுவே அரசு வாக்கைக் கொடுத்தது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், வாக்குக்குத்தான் என் ஓட்டு. ஆனால் அந்த வாக்கு செல்லுபடியாவதற்குச் செய்து காட்டப்பட்ட இயந்திரம் ஒன்று ஏற்கெனவே சந்தையில் இருக்க வேண்டியிருந்தது.

அங்கேதான் இரு கதைகளும் முதன்முறை தொட்டுக்கொள்கின்றன. உருகுவே அரசு மின்நிறுவனம் 2008-இல் சியரா தே லோஸ் கராகோலெஸ் குன்றுகளில் நிறுவிய முதல் காற்றாலைகள் வெஸ்டாஸ் தயாரிப்பு. பால் குளிரூட்டும் சாதனமும் பளுதூக்கியும் செய்துகொண்டிருந்த டென்மார்க் நிறுவனம் அது. தச்சர்களும் கொல்லர்களும் காட்டிய வழியில் காற்றாலைத் தொழிலுக்குள் வந்தது. டென்மார்க் தன் மின்சாரத்தில் பாதியைக் காற்றிலிருந்து பெற நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. உருகுவே பத்தே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை எட்டியது. இதை வைத்து ஒன்றை வேகமென்றும் மற்றொன்றை மந்தமென்றும் சொல்வது நியாயமாகாது. தவறு செய்து கற்கும் செலவை முன்னவர் ஏற்றுக்கொண்டதால், பின்னவருக்கு அந்தச் செலவு மிச்சமாயிற்று.

இன்னும் வியப்பான ஒற்றுமைகள் உண்டு. அணுமின்சாரத்துக்கு டென்மார்க் நாடாளுமன்றம் 1985-இல் கதவை மூடியது. உருகுவே 1997-இல் சட்டம் போட்டே மூடியது. எண்ணெய் விஷயத்தில் இருவரின் அதிர்ஷ்டமும் வேறு. டென்மார்க்குக்கு வடகடலில் எண்ணெய் கிடைத்தது. 1990களில் இறக்குமதி நாடு ஏற்றுமதி நாடாகவே மாறியது. உருகுவேயின் கடற்பரப்பில் 2016-இல் சுமார் 3,400 மீட்டர் ஆழ நீரில் ராயா என்ற கிணறு தோண்டிப் பார்க்கப்பட்டது. வெறும் கிணறாகப் போயிற்று. எண்ணெய் கிடைத்த நாடும் காற்றைக் கைவிடவில்லை, கிடைக்காத நாடும் கைவிடவில்லை. இல்லாமையால் மட்டுமே ஒரு நாடு மாறுகிறது என்ற எளிய விளக்கத்தை இந்த இணை உடைத்துவிடுகிறது.

காற்று போக, இருவரும் மரத்திலிருந்தும் மின்சாரம் எடுக்கிறார்கள். உருகுவே தன் காகிதக்கூழ் ஆலைகளின் கழிவை எரிக்கிறது. டென்மார்க் நிலக்கரி உலைகள் பலவற்றை மரத்துக்கு மாற்றியது, அந்த மரத்தில் பெரும்பங்கு இறக்குமதி. கப்பல் மாறவில்லை, சரக்கு மட்டும் மாறியது என்று சொன்னால் டேனியர்கள் வருந்துவார்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

நான் அதிகம் நின்று பார்க்க விரும்புவது நீரை. காற்று நின்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இருவரின் விடையும் அணைதான். உருகுவேயில் ரியோ நெக்ரோ ஆற்றின் நீர்த்தேக்கங்களும் அர்ஜென்டினாவோடு பங்கிட்டுக்கொண்ட சால்ட்டோ கிராண்டே அணையும் அந்த வேலையைச் செய்கின்றன. அங்கே தேங்கிய நீருக்கு ஒரு விலை கணக்கிடுகிறார்கள். இன்று இந்த நீரைத் திறந்தால், பின்னால் எவ்வளவு எண்ணெய் எரிக்க நேரும் என்பதே அந்த விலை. காற்று பலமாக வீசும்போது மதகை மூடி வைக்கிறார்கள். காற்று வந்தபின் அணையின் வேலையே மாறிப்போனது: மின்சாரத்தின் மூலமாக இருந்தது, சேமிப்புக் கிடங்காகவும் ஆனது. டென்மார்க்கும் அதையே செய்கிறது, ஆனால் தன் மண்ணில் அல்ல. மலையே இல்லாத அந்த நாடு, காற்று மிகும்போது கடலடிக் கேபிள் வழியே நார்வேக்கு மின்சாரத்தை அனுப்புகிறது, அங்கே அணைநீர் மிச்சமாகிறது. காற்று ஓய்ந்தால் அந்த நீர் மின்சாரமாகத் திரும்பி வருகிறது.

சொந்த நீருக்கும் அயலார் நீருக்கும் உள்ள வேறுபாடு நெருக்கடியில்தான் தெரியும். 2023 வறட்சியில் உருகுவேயின் தலைநகர் மான்டிவீடியோவில் குடிநீர்க் குழாயிலேயே உப்புநீர் வந்தது. அணைகளில் நீர்மட்டம் இறங்கியபோது அனல்மின் நிலையங்களைக் கூடுதலாக ஓட்ட வேண்டியிருந்தது. ஆனால் முந்தைய வறட்சிகளைப் போல நாடு தத்தளிக்கவில்லை, காற்றாலைகள் தாங்கிப் பிடித்தன. டென்மார்க்குக்கு வந்திருக்கும் சோதனை வேறு வகை. 1970களில் நார்வேயோடு போட்ட முதல் இரு கேபிள்களுக்கும் வயதாகிவிட்டது. 2021-க்குப் பின் மின்கட்டணம் எகிறிய நார்வே மக்கள், நம் அணைநீரை ஏன் வெளியே அனுப்ப வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள்; அந்தக் கேபிள்களைப் புதுப்பிக்கலாமா என்பதே அங்கே தேர்தல் பேச்சானது. உருகுவே மழையைப் பார்த்துக் காத்திருக்கிறது, டென்மார்க் ஆஸ்லோவைப் பார்த்து.