எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் நிறம் யார் கையில்?

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு இரவானால் நாளுக்கொரு நிறம். நேத்து ஏன் நீலம், இன்னிக்கு ஏன் பச்சைன்னு ஊரே அண்ணாந்து பார்த்துக் கேட்கும். அதை முடிவு செய்வது யார் என்பதுதான் என் கேள்வி.

1931 மே 1 அன்று அதிபர் ஹூவர் வாஷிங்டனில் இருந்தபடியே ஒரு பொத்தானை அழுத்தி இந்த 102 மாடிக் கட்டடத்தைத் திறந்து வைத்தார். பெருமந்தக் காலம். வாடகைக்கு ஆள் வராமல் 'எம்ப்டி ஸ்டேட்' என்று கேலி வேறு. அடுத்த ஆண்டு, ஹூவரை ரூஸ்வெல்ட் தோற்கடித்த சேதியை ஊருக்குச் சொன்னதும் இதே கட்டடத்தின் உச்சியில் எரிந்த தேடுவிளக்குதான்!

மேல் 30 மாடிகளுக்கு வெள்ளை ஒளி பாய்ச்சத் தொடங்கியது 1964இல், உலகக் கண்காட்சிக்காக. 1973 எண்ணெய் நெருக்கடியில் அதை அணைத்தார்கள். வண்ணம் வந்தது 1976இல், அமெரிக்க சுதந்திரத்தின் 200ஆம் ஆண்டுக்கு. சிவப்பு, வெள்ளை, நீலம். அப்போதெல்லாம் நிறம் மாற்றணும்னா ஆட்கள் மேலே போய் ஒவ்வொரு விளக்குக்கும் வண்ணத் தகட்டைக் கையால் மாட்டணும். 2012இல் எல்.இ.டி. வந்தபின் கம்ப்யூட்டரில் நொடி வேலை.

பழைய 'கிங் காங்' படத்தின் நாயகி ஃபே ரே 2004இல் இறந்தபோது 15 நிமிடம் விளக்கணைத்தார்கள். அழகான மரியாதை, யாரும் குறை சொல்லலை.

சிக்கல் 2010இல் வந்தது. அன்னை தெரசாவின் நூற்றாண்டுக்கு, அவர் சேலையின் நீல வெள்ளையில் ஒளியூட்டச் சொல்லி ஒரு கத்தோலிக்க அமைப்பு கேட்டது. கட்டட நிர்வாகம் மறுத்துவிட்டது. இது தனியார் சொத்து, மதத் தலைவர்களுக்காகவோ மத அமைப்புகள் கேட்டோ விளக்குப் போடுவதில்லை என்று விளக்கம். சட்டப்படி சரிதான். ஆனால் முந்தைய ஆண்டுதான் மக்கள் சீனத்தின் 60ஆம் ஆண்டுக்குச் சிவப்பும் மஞ்சளும் எரிந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும் எரிந்ததுண்டு. பண்டிகை வேறு, ஆள் வேறு என்ற வாதம் எனக்கு ஒப்பவில்லை. நகர மன்றத் தலைவரே கேட்டும் அவர்கள் மசியவில்லை. நூற்றாண்டு நாளன்று கீழே தெருவில் கூட்டம் கூடி எதிர்ப்புத் தெரிவித்தது.

2023 ஜனவரியில் இன்னொரு கூத்து. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் கால்பந்து அணி சூப்பர் பவுலுக்குத் தகுதி பெற்றதும் கட்டடம் பச்சை வெள்ளையில் ஒளிர்ந்தது. நியூயார்க் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். கொதிக்காம? அதே ஈகிள்ஸ் நியூயார்க் ஜயண்ட்ஸை 38–7 என்று துவைத்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது.