அன்பளிப்பாக வந்த மடக்குக் கத்தி: இந்தியச் சட்டத்தில் அலகின் அளவு

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தன் இரண்டாம் பிரிவிலேயே 'பெறுதல்' என்னும் சொல்லுக்கு விளக்கம் தந்துவிடுகிறது. வாடகைக்கு எடுப்பது, இரவல் வாங்குவது, அன்பளிப்பாக ஏற்பது ஆகியவை அச்சொல்லுக்குள் அடங்கும். 'கைமாற்றுதல்' என்பதற்குள் வெறுமனே கொடுப்பதும் அடங்கும். துப்பாக்கியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வரிகள் இவை என்றே படிப்பவர் எண்ணுவர். ஆனால் அடுத்த பக்கத்தில் உள்ள நான்காம் பிரிவு, துப்பாக்கி அல்லாத ஆயுதங்களையும் குறிப்பிட்ட ஒரு பகுதிக்குள் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்கு வழங்குகிறது. அவ்வாறு அறிவிக்கை செய்யப்பட்ட பகுதியில் உரிமமின்றி அவற்றைப் பெறுவதும் வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும் குற்றம். தண்டனை ஓராண்டுக்குக் குறையாத, மூன்றாண்டு வரை நீளக்கூடிய சிறை. நண்பருக்கு ஒரு மடக்குக் கத்தியைப் பரிசளிக்க நினைப்பவர் அலகின் கூர்மையையும் பிடியின் அழகையும் பார்த்து வாங்குகிறார். பணம் கொடுத்தவர் ஊர் திரும்பிய பின், கத்தி எவர் பையில் இருக்கிறதோ அவரே காவலர்முன் நிற்க நேரும்.

கத்தியை அளவுகோல் கொண்டு பார்க்கும் வழக்கம் தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டுச் சட்டம் ஆயுதங்களைப் பெயரால் வரிசைப்படுத்தியது: துப்பாக்கி, துப்பாக்கிமுனை ஈட்டி, வாள், குத்துவாள், ஈட்டி, ஈட்டிமுனை, வில், அம்பு. மடக்குக் கத்தி அப்பட்டியலில் பெயர் பெறவில்லை. 1857இன் அச்சம் நீங்காத ஆட்சியாளர் கண்ணில் படை திரட்டப் பயன்படும் பொருள்களே ஆயுதங்களாகத் தெரிந்தன. பாக்கு வெட்டவும் பழம் நறுக்கவும் இடுப்பில் செருகிய கத்தி பொருட்டாகத் தெரியவில்லை.

அளவு என்னும் கேள்வியைத் தீவிரமாக எழுப்பியது கிர்பான். முதல் உலகப் போரை ஒட்டி, சீக்கியப் படைவீரர்களைப் பகைத்துக்கொள்ள விரும்பாத அரசு, 1914இல் பஞ்சாபிலும் பின்னர் பிற பகுதிகளிலும் கிர்பானுக்கு விலக்கு அளித்தது. கிர்பான் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று அந்த விலக்கு சொல்லவில்லை. போர் முடிந்து அகாலி இயக்கம் வலுத்தபோது அந்த மௌனமே சிக்கலாயிற்று. 9 அங்குலத்தை மீறினால் அது கிர்பான் அன்று, வாள் என்று பஞ்சாப் அரசு வாதிட்டது. 1920களின் தொடக்கத்தில் கிர்பான் செய்யும் பட்டறைகளில் சோதனை நடத்தியது. சமயச் சின்னத்திற்கும் ஆயுதத்திற்கும் இடையிலான எல்லையை அங்குலக்கோல் வகுத்த தருணம் அது. சுதந்திர இந்தியாவின் அரசமைப்பு 25ஆம் உறுப்பின் விளக்கத்தில் கிர்பான் அணிவதை உரிமையாக ஏற்றது. நீளம் பற்றி அங்கும் பேச்சில்லை.

1959ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலைக் கைவிட்டு நோக்கத்தை அளவுகோலாக்கியது. தாக்கவோ காக்கவோ வடிவமைக்கப்பட்டது ஆயுதம். வீட்டு வேலைக்கோ உழவுக்கோ மட்டுமே வடிவமைக்கப்பட்டது ஆயுதமன்று. 1962ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இதனோடு அளவையும் சேர்த்தன. அவற்றின் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகை, வாள், குத்துவாள் முதலியவற்றோடு, அலகு 9 அங்குலத்திற்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்திற்கு மேல் அகன்ற கத்திகளையும் உள்ளடக்கியது. வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென வடிவமைத்தவை விலக்கு. கிர்பானும் குக்ரியும் அந்த வரியிலேயே பெயர் குறிக்கப்பட்டன. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே 9 அங்குலம்! நாடு மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கிய பிறகும் எண் அங்குலத்திலேயே நின்றது. சட்டைப்பைக்குள் அடங்கும் எந்த மடக்குக் கத்தியும் இந்த வரம்பைத் தொடாது. பரிசு வாங்குபவர் இந்த ஒரு விதியை மட்டும் படித்தால் நிம்மதியாக உறங்கலாம்.

அந்த நிம்மதியைக் குலைத்தது ராம்பூர்.

1774இல் ரோகில்லாப் போரின் முடிவில் பைசுல்லா கான் தலைமையில் உருவான சிற்றரசு ராம்பூர். இன்று அது உத்தரப் பிரதேசத்தில் தில்லிக்குக் கிழக்கே ஒரு மாவட்டத் தலைநகர். அறிவுலகம் அந்த ஊரை ரசா நூலகத்தின் அரபு, பாரசீகச் சுவடிகளுக்காக அறியும். இசையுலகம் அதன் கரானாவுக்காக அறியும். மற்றவர்க்கு ராம்பூர் என்றால் கத்தி. ஆப்கானிய வழிவந்த ரோகில்லா வீரர்களுக்குப் படைக்கலம் செய்த கொல்லர் மரபு, நவாபுகளின் ஆதரவில் மடக்குக் கத்திக்குத் திரும்பியது. ஒருபுறம் மட்டும் கூர்கொண்ட நீண்ட அலகு. பித்தளையிலோ மரத்திலோ எலும்பிலோ அமைந்த, வேலைப்பாடு மிக்க பிடி. அலகைப் பூட்டி நிறுத்தும் வில். பட்டனை அழுத்தினால் திறப்பது 'பட்டன்தார்'. பற்சில்லின் மீது ஏறி, ஒவ்வொரு பல்லிலும் ஓசை எழுப்பியபடி திறப்பது 'கராரிதார்'. பழைய ராம்பூரிகளின் அலகு 9 முதல் 12 அங்குலம் வரை நீளும். விருந்தினருக்குத் தரத்தக்க பொருளாகவும் ஊரின் பெருமையாகவும் அது மதிக்கப்பட்டது. கத்திக் கடைகள் நிறைந்த வீதிக்குப் பெயரே 'சாகூ பஜார்'.

1949இல் சிற்றரசு இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபின் கொல்லர்களுக்கு அரண்மனை வாடிக்கை குறைந்தது. சந்தை வாடிக்கை பெருகியது. அந்தச் சந்தைக்குப் பெரும் விளம்பரம் செய்தது பம்பாய்த் திரையுலகம். யஷ் சோப்ராவின் 'வக்த்' (1965) படத்தில் ராஜ்குமார் ஒரு கத்தியைக் கையில் எடுத்து எதிராளியை ஒரே சொற்றொடரில் அடக்கும் காட்சியை இந்தி பேசும் உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அடுத்த இருபதாண்டு வில்லன்களுக்குக் கராரியின் ஓசை பின்னணி இசைபோல் ஆனது. ஒரு கைவினைப் பொருள் ஒரே தலைமுறையில் குற்றத்தின் குறியீடாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. தாக்குதலுக்கு உண்மையில் அதிகம் பயன்பட்டது சமையலறைக் கத்தியா ராம்பூரியா என்று அப்போது எவரும் நின்று கேட்டதாகத் தெரியவில்லை. அச்சத்திற்கு ஓசை தேவைப்பட்டது, அது கராரியில் கிடைத்தது.

தில்லி நிர்வாகம் 1980 அக்டோபர் 29 அன்று நான்காம் பிரிவின்கீழ் வெளியிட்ட அறிவிக்கையில் இந்த அச்சம் சட்ட மொழியாயிற்று. வில்விசையால் இயங்கும் கத்தி, கராரிதார், பட்டன்தார், வேறு எந்த இயந்திர அமைப்பாலும் திறக்கும் அல்லது மூடும் கத்தி ஆகியவை, அலகு 7.62 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமும் 1.72 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் அகலமும் கொண்டிருந்தால், கட்டுப்பாட்டுக்குள் வந்தன. ராம்பூர்க் கடைவீதியின் சொற்களே அரசிதழில் ஏறியதைக் கவனிக்க வேண்டும். 7.62 என்பது மெட்ரிக் உடையணிந்த 3 அங்குலம். அதாவது, நாடெங்கும் 9 அங்குலமாக இருந்த எல்லை, தலைநகரில் விசைக் கத்திக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.

பெயரால் தொடங்கி, நோக்கத்தாலும் அளவாலும் தொடர்ந்த சட்டம் இங்கே பொறியமைப்பை வந்தடைகிறது. பரிசு தேடுபவருக்கு முக்கியமானது இதுதான். நகத்தால் இழுத்துத் திறக்கும் சாதாரணப் பேனாக்கத்தியும் பட்டனால் பாயும் கத்தியும் ஒரே நீளத்தில் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. ஆனால் 'திறக்கும் அல்லது மூடும்' என்ற சொற்கள் அகலமானவை. கையால் திறந்து, பூட்டை விடுவித்து மூடும் இன்றைய மடக்குக் கத்தியையும் அவற்றுக்குள் கொண்டுவந்து வாதிட இடமுண்டு. 3 அங்குலத்திற்குக் குறைந்த அலகு, பட்டன் இல்லாத அமைப்பு என்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே தில்லிவாழ் நண்பருக்குப் பரிசு வாங்குபவருக்கு உரிய எச்சரிக்கை.

உத்தரப் பிரதேச அரசு தன் பங்குக்கு 1990களில் 4.5 அங்குலத்திற்கு மேற்பட்ட அலகுடைய ராம்பூரிகளைச் செய்யத் தடை விதித்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. மலிவான கத்திகள் வெளியிலிருந்து வந்து எஞ்சிய சந்தையையும் பிடித்தன. சாகூ பஜார் சில கடைகளாகச் சுருங்கியது. 9 அங்குல அலகுக்குப் பழகிய கொல்லருக்கு 4.5 அங்குலத்தில் வேலைப்பாட்டுக்கு இடமும் குறைவு, விலையும் குறைவு. 2018இல் மாவட்டந்தோறும் ஒரு மரபுப் பொருளை வளர்க்கும் திட்டத்தை மாநில அரசு தொடங்கியபோது ராம்பூருக்கு வாய்த்தது ஒட்டுத்தையலும் சரிகை வேலையும்.

இனி ஒரு கணக்கு. ராம்பூரில் தடைக்கு உட்பட்டு விற்கப்படும் 4.5 அங்குல அலகு 11.43 சென்டிமீட்டர். ஊர் பார்க்கச் சென்றவர் அதை நினைவுப் பரிசாக வாங்கி ரயிலேறுகிறார். இருநூறு கிலோமீட்டருக்கும் குறைந்த பயணம். தில்லியில் இறங்கியதும் அதே கத்தி 7.62 என்ற கோட்டைத் தாண்டிய பட்டன்தார். அன்பளிப்பாக அதை ஏற்கும் நண்பர், சட்டத்தின் சொற்படி, ஓர் ஆயுதத்தைப் 'பெறுகிறார்'.

நடைமுறையில் நண்பர்கள் பிடிபடுவது குறைவு. தில்லியின் கீழமை நீதிமன்றங்களில் இவ்வழக்குகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ரோந்துக் காவலரைக் கண்டு ஒருவர் வேகமாகத் திரும்பி நடக்கிறார். நிறுத்திச் சோதித்தால் காற்சட்டைப் பையில் பட்டன்தார் கத்தி. தாளில் கத்தியின் உருவத்தை வரைந்து, அலகு இவ்வளவு, பிடி இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று குறித்து, துணியில் பொதிந்து முத்திரை இடுகிறார்கள். வழிப்போக்கர்களைச் சாட்சியாக அழைத்ததாகவும் எவரும் முன்வரவில்லை என்றும் ஆவணம் கூறும். நிற்பவர் பெரும்பாலும் கூலி வேலை செய்யும் இளைஞர். அரசியல் மேடைகளில் தலைவர்களுக்கு வாள் பரிசளிப்பதும் அவர்கள் அதை உருவி உயர்த்துவதும் அன்றாடக் காட்சி.  குடகில் நிலைமை இன்னும் வேறு: 1861இல் மார்க் கப்பன் வழங்கிய விலக்கின் தொடர்ச்சியாகக் கொடவர்கள் இன்றும் சில ஆயுதங்களை உரிமமின்றி வைத்திருக்கலாம், மணமகன் இடையில் பீச்சேகத்தி இல்லாமல் அங்கே திருமணம் நிறைவுறாது.

2023 மார்ச்சில் ராம்பூர் நகரின் சந்திப்பு ஒன்றில் 20 அடிக்கு மேல் நீளமுள்ள மடக்குக் கத்தி ஒன்று நிறுவப்பட்டது. அந்த இடம் 'சாகூ சௌக்' என்று பெயர் பெற்றது. உலகிலேயே பெரிய கத்தி என்று அறிவிக்கப்பட்டது. செய்வதற்குத் தடை விதித்த மாநிலத்திலேயே, மேம்பாட்டு ஆணையத்தின் செலவில், நினைவுச் சின்னம்.

1980ஆம் ஆண்டு அறிவிக்கையின் சொற்களை உச்ச நீதிமன்றம் 2025இல் நெருங்கிப் படித்தது. தில்லியில் பட்டன்தார் கத்தியுடன் பிடிபட்டதாக ஒருவர்மீது வழக்கு; அலகு வரம்பை மீறியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அறிவிக்கை தடுப்பது தயாரிப்பையும் விற்பனையையும், விற்பனைக்காகவோ சோதனைக்காகவோ வைத்திருப்பதையும் என்று நீதிமன்றம் சுட்டியது. அத்தகைய நோக்கத்தோடு கத்தி வைத்திருந்தார் என்று குற்றப்பத்திரிகையில் ஒரு சொல்கூட இல்லாததால் வழக்கு ரத்தாயிற்று. சட்டைப்பையில் இருப்பது விற்பனைக்கா அன்றித் தன் கைக்கா என்னும் கேள்வி, அறிவிக்கை வெளிவந்து 45 ஆண்டுகள் கழித்து அங்கே விடை பெற்றது. அதற்கு முன் இத்தகைய வழக்குகளில் சிறையில் கழித்த நாட்களுக்கு அந்தத் தீர்ப்பில் கணக்கு இல்லை.