ஆதித்த கரிகாலன் கொலை வழக்கு: நிலத்தில் சிக்கிய பெயர்கள்

அத்தியாயம் 3

சென்ற வாரம் ஆதித்த கரிகாலனைப் புகழின் உச்சியில் விட்டுவிட்டு வந்தோம். சேவூர்ப் போர், வீரபாண்டியனின் தலை, 'பாண்டியன் தலைகொண்ட' என்ற பட்டம், சோழ நாட்டின் அடுத்த அரசன் என்ற உறுதி எல்லாம் அவனிடம் இருந்தன. கி.பி. 969-ஐ ஒட்டி அவன் வரலாற்றிலிருந்து திடீரென்று மறைகிறான். அப்போது தந்தை சுந்தர சோழர் உயிரோடு இருந்தார். மகன் போன துயரத்தைக் கண்ட பிறகுதான் அவர் காஞ்சிப் பொன்மாளிகையில் கண்மூடினார்.

கொலையைத் துப்புத் துலக்க வருகிறவர் முதலில் உடலைத்தான் கேட்பார். எகிப்து மன்னன் மூன்றாம் ராம்சேஸ் விஷயத்தில் அது கிடைத்தது. அந்தப்புரச் சதியில் சிக்கியவர்களின் பெயர்ப் பட்டியல் பாப்பிரஸ் சுருளில் முன்பே இருந்தது. ஆனால் சதி பலித்ததா என்பது மட்டும் மூவாயிரம் ஆண்டுகளாகத் தெரியவில்லை. மம்மியை சி.டி. ஸ்கேன் எடுத்த ஆய்வாளர்கள் 2012-இல் விடை சொன்னார்கள்: கழுத்து ஆழமாக அறுக்கப்பட்டிருக்கிறது. நம் ஊரில் 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிக் கிடந்த பெல்ட் துண்டுகளும் இறந்துபோன புகைப்படக்காரரின் கேமராவும் பேசின. தடய அறிவியல் நிபுணர் சந்திரசேகரன் குழுவினர் அவற்றை வைத்தே மனித வெடிகுண்டு யார் என்று காட்டினார்கள்.

கரிகாலன் வழக்கில் எலும்பும் இல்லை, ஆயுதமும் இல்லை. சம்பவ இடம்கூடத் தெரியாது. கடம்பூர் மாளிகையைக் கண்முன் நிறுத்திக்கொண்டிருக்கும் 'பொன்னியின் செல்வன்' வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அது கல்கியின் கற்பனை கட்டிய மாளிகை.

நம்மிடம் இருப்பது ஒரே ஒரு கல். கொள்ளிடத்துக்கு வடக்கே, வீராண ஏரிப் பாசனத்தில் பச்சையாய் விரிந்து கிடக்கும் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் அது இருக்கிறது. ஊரின் அன்றைய பெயர் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். 1920-இல் கல்வெட்டுத் துறையினர் மைப்படி எடுத்தார்கள். நீலகண்ட சாஸ்திரி அதை ஆராய்ந்து வெளியிட்டார்.

சாட்சி எப்போது வாக்குமூலம் கொடுத்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கல்லில் அரசன் பெயர் இல்லை. கோராஜகேசரி வர்மரின் இரண்டாம் ஆண்டு என்று மட்டும் இருக்கிறது. ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களையும் சோழ மன்னர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் சூடிக்கொண்டவர்கள். சுந்தர சோழர் ராஜகேசரிதான். ஆனால் அவருடைய இரண்டாம் ஆண்டில் கரிகாலன் பாண்டியன் தலையைக் கொய்திருக்கவே இல்லை. அடுத்து வந்த உத்தம சோழர் பரகேசரி. அவர் கணக்கில் வரமாட்டார். அவருக்குப் பின் 985-இல் பட்டமேறியவர் ராஜகேசரி அருள்மொழி, அதாவது ராஜராஜன். அவருடைய புகழ்பெற்ற மெய்க்கீர்த்தி தொடக்க ஆண்டுக் கல்வெட்டுகளில் இருப்பதில்லை. அதனால்தான் இந்தக் கல்லும் வெறும் ராஜகேசரியோடு நின்றுவிடுகிறது. இன்னும் பிற்பட்ட ராஜகேசரி ஒருவரை இங்கே பொருத்திப் பார்க்க எழுத்தமைதி இடம் தராது. ஆக, இது 986, 987-ஐ ஒட்டிய ஆவணம். இறந்தவனின் தம்பிதான் அரியணையில் இருக்கிறார். கொலை நடந்து ஏறக்குறைய 17 ஆண்டுகள் ஆகிவிட்டன.

கல்லுக்குள் இருப்பது சக்கரவர்த்தியின் ஸ்ரீமுகம், அதாவது அரச ஆணை. ஊர்ச் சபையான பெருங்குறிப் பெருமக்களுக்கு எழுதப்பட்டது. பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சொல்லி, பெயர்களை வரிசையாக அடுக்குகிறது. சோமன். அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன். அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன். இவர்களுடன் பிறந்த மலையனூரான். அதோடு விடவில்லை. இவர்களுடைய பிள்ளைகள், மனைவிமார், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள் என்று சொந்தபந்தம் முழுவதையும் வளைக்கிறது. அத்தனை பேர் உடைமைகளும் பறிமுதல். மேற்பார்வைக்குக் கொட்டையூர் பிரமஸ்ரீராஜன், புள்ளமங்கலத்துச் சந்திரசேகர பட்டன் என்ற இருவர் நியமிக்கப்படுகிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பிரமாதிராஜன் என்பது வழிப்போக்கன் வைத்துக்கொள்ளும் பெயரல்ல. அரசு கொடுக்கும் உயர்பட்டம். கொலைகாரர்களில் இரண்டு பேர் நிர்வாகத்தின் உள்வட்டத்தில் இருந்தவர்கள். பஞ்சவன் என்பது பாண்டியரைக் குறிக்கும் பெயராயிற்றே, ரவிதாசன் பாண்டிய விசுவாசிதானே என்று கேட்பவர்கள் உண்டு. பாண்டியரை வென்ற சோழர்களே அந்தப் பெயரைத் தங்கள் அதிகாரிகளுக்குச் சூட்டியிருக்கவும் முடியும். என் கணக்கில், பட்டத்தை மட்டும் வைத்துப் பழிவாங்கல் கதை எழுதுவது அவசரம்.

அதைவிட முக்கியமான கேள்வி, இந்த ஆணை ஏன் கல்லில் ஏறியது என்பது. கொலைகாரர்களை உலகறியச் செய்யவா? கல்லை முழுதாகப் படித்தால் அப்படித் தோன்றவில்லை. வியாழ கஜமல்லப் பல்லவரையன் என்ற ஒருவர் சபையாரிடம் பொன் கொடுத்து நிலம் வாங்குகிறார். அதை அனந்தீசுவரர் கோயிலுக்கு அறமாக எழுதி வைக்கிறார். நிலம் துரோகிகளுடையது. நாளை எவனாவது பேரன் வந்து 'எங்கள் தாத்தா சொத்து' என்று நிற்கக் கூடாது அல்லவா? இன்று பத்திரப் பதிவுக்கு முன் வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் கேட்கிறோமே, அந்த இடத்தில்தான் அரசாணை உட்காருகிறது. சோழ நாட்டின் மிகப் பெரிய அரசியல் கொலை, வயல் கைமாறிய கதையின் முன்குறிப்பாகத்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எரிந்த உடல் சாம்பலாகிப் போயிற்று. டெல்டாவில் நிலம் அப்படிப் போவதில்லை.

சரி, 17 ஆண்டுகள் ஏன்? இடையில் ஆண்டவர் உத்தம சோழர். கரிகாலன் இறந்ததால் அரியணை கிடைத்தது அவருக்குத்தான். அவர் ஆட்சியில் இந்தப் பெயர்கள் வெளியே வந்ததாகச் சான்று இல்லை. நீலகண்ட சாஸ்திரியின் சந்தேகம் அவர் மீதே விழுந்தது. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். மறுப்புக்கு வலுச் சேர்க்கும் தடயங்களும் இருக்கின்றன. உத்தமரின் தாய் செம்பியன் மாதேவி ராஜராஜன் காலத்திலும் மதிப்போடு வாழ்ந்தார். உத்தமரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜனிடமே கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தார். அண்ணனைக் கொல்லத் தூண்டியவரின் மகனை எந்தத் தம்பி இப்படிக் கூடவே வைத்துக்கொள்வான்? என் தராசு உத்தமரை விடுவிக்கும் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் முழுதாகச் சாய விடாமல் இன்னொரு சாட்சி தடுக்கிறது.

அந்தச் சாட்சி 1905-இல் திருவாலங்காட்டில் கிடைத்தது. சோழ முத்திரை பதித்த வளையத்தில் கோத்த 31 செப்பேடுகள். வெளியிட்டவர் ராஜேந்திர சோழர், கொலையுண்டவனின் தம்பி மகன். வீட்டுக்குள்ளிருந்தே வந்த வாக்குமூலம். கரிகாலன் வீரபாண்டியன் தலையைக் கொண்டுவந்ததை அது பெருமையோடு சொல்கிறது. அவன் முடிவைப் பற்றிச் சொல்லும் இடத்தில், விண்ணுலகைக் காணும் ஆசையில் போய்விட்டான் என்கிறது. கொலை என்ற பேச்சே இல்லை. உடையார்குடியில் பெயர் பெயராகக் கொலைகாரர்களை எழுதியது ராஜேந்திரரின் தந்தை அரசு. மகன் எழுதிய ஏட்டில் அந்தக் கொலை எங்கே போயிற்று? அடுத்த வரிகளில் உத்தம சோழரும் அருள்மொழியும் செய்துகொண்ட ஓர் உடன்பாடு வருகிறது. அடுத்த வாரம் அந்த வரிகளைத்தான் விசாரிக்கப் போகிறோம்.

(தொடரும்)