ஒரு பெயரடையின் வரலாறு

பேச்சுரிமை பற்றி உரையாடும்போதெல்லாம் 1951ஆம் ஆண்டின் முதல் அரசியல் சட்டத் திருத்தத்தைச் சாடுவது நம் வழக்கம். அதில் நியாயம் உண்டு. ஆனால் அத்திருத்தம் கொண்டுவந்த ஒரு பெயரடையை நாம் போதிய அளவு கவனித்ததில்லை.

கதை சென்னையில் தொடங்குகிறது. 1949இல் கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்திருந்த சென்னை அரசு, 1950 மார்ச்சு 1 அன்று, பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' ஆங்கில வார இதழ் மாநிலத்திற்குள் நுழையக் கூடாதென ஆணையிட்டது. பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டம் அந்த அதிகாரத்தை அளித்திருந்தது. தாப்பர் நேரே உச்ச நீதிமன்றத்தை அணுகினார். மே 26 அன்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சென்னைக்காரரான பதஞ்சலி சாஸ்திரி. அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, ஒழுக்கக்கேடு நீங்கலாக, அரசின் பாதுகாப்பையே குலைக்கும் பேச்சை மட்டுமே அன்றைய அரசியல் சட்டம் தடுக்க அனுமதித்தது. பொது ஒழுங்கு அதைவிட அகன்ற வட்டம். ஆகவே அச்சட்டப்பிரிவு செல்லாது என்றார் அவர்.

1951 ஜூனில் நேரு அரசு 'பொது ஒழுங்கு' என்பதையும் தடைக்கான காரணங்களுள் சேர்த்தது. நீதிமன்றம் அடைத்த கதவு திறந்துகொண்டது. ஆனால் கூடவே, கட்டுப்பாடுகள் 'நியாயமானவையாக' இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் நுழைந்தது. பேச்சுரிமையைப் பொறுத்தவரை அச்சொல் அதுவரை இல்லை.

எது நியாயம்? சங்கம் அமைக்கும் உரிமை தொடர்பான வி.ஜி. ராவ் வழக்கில், 1952இல், தலைமை நீதிபதியாகியிருந்த அதே சாஸ்திரி அளவுகோல் தந்தார்: பறிக்கப்படும் உரிமை எத்தகையது, தடுக்க நினைக்கும் தீங்கு எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரமானது, தடை அதன் அளவை மீறுகிறதா, காலச்சூழல் எப்படிப்பட்டது. பேச்சுரிமை வழக்குகளுக்கும் பின்னர் இதுவே அளவுகோலாயிற்று.

இடஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' திரைப்படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டளித்தது. வெடிமருந்துக் கிடங்கில் விழும் பொறிபோல ஆபத்து உடனடியானதாக இருக்க வேண்டும். போராட்டம் வெடிக்கும் என்ற மிரட்டலுக்கு அரசு பணிந்துவிடக் கூடாது என்றது.

நீதிபதியின் சமூகப் பார்வையும் விழுமியங்களும் நியாயத்தை அளப்பதில் பங்கு வகிப்பது தவிர்க்க முடியாதது என்று சாஸ்திரியே ஒப்புக்கொண்டிருந்தார். நம் எழுத்துகளின் விதி இன்றும் அந்தப் பெயரடையிலும், அதை வாசிப்பவரின் மனத்திலுமே தங்கியிருக்கிறது.